கை கால் வெடிப்பிற்கு வீட்டுக் களிம்பு

நெசவாளருக்கும் உழவருக்கும் கையும் காலுமே முதல். சாயத்தொட்டியில் வேலை செய்பவரின் விரலிலும், வயலில் நிற்பவரின் குதிகாலிலும் வெடிப்பு கண்டால், அன்றைய கூலியே குறைந்துவிடுகிறது. இதற்கு வீட்டிலேயே ஒரு களிம்பு செய்துகொள்ளும் முறையை அங்கத்தினர்களுக்கு இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் ஓர் அனுபவம். ஒரு நெசவாளர் சங்கத்திற்கு நாம் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் வீட்டுப் பெண்டிர் கற்றாழைச் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் கலந்து நாற்பது புட்டிகள் செய்து வைத்திருந்தனர். அதன் நறுமணத்தைப் பாராட்டியவர்களுள் நாமும் ஒருவர். மூன்று வாரத்திற்குள் அத்தனையிலும் பூஞ்சணம் பூத்தது. அடுத்த ஆய்வில், 'கெட்டுப்போன சரக்கு' என்ற நட்டக் கணக்கைப் படிக்க நேர்ந்தது.

பிழை எங்கே?

பிழை கற்றாழையில் இல்லை. அதிலுள்ள நீரில் இருந்தது. நீருள்ள இடத்தில் நுண்கிருமிகள் பெருகும். கடைப் பூச்சுகளில் அவற்றைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படுகிறது. வீட்டில் அவ்வாறு அளவறிந்து சேர்த்தல் எளிதன்று. ஆகவே நீர் கலவாத களிம்பே வீட்டிற்கு ஏற்றது. கற்றாழைச் சாறு வேண்டுவோர் அன்றன்று எடுத்து அன்றே பூசிக்கொள்ளலாம்.

தேவையான பொருள்கள்

தேங்காய் எண்ணெய் 50 கிராம், நல்லெண்ணெய் 50 கிராம், தூய தேன்மெழுகு 20 கிராம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் நாட்டு வெயிலில் களிம்பு கட்டியாக நிற்பதற்கு மெழுகே காரணம்.

செய்முறை

அகன்ற பாத்திரத்தில் நீரைச் சுடவைத்து, அதனுள் ஈரமற்ற சிறு பாத்திரத்தை வைக்கவும். அதில் சீவிய மெழுகையும் எண்ணெயையும் இட்டு உருக்கவும். நேரடியாக அடுப்பில் வைத்தல் ஆகாது; தீப்பற்றும். ஒரு துளியைத் தட்டில் இட்டு ஆறவிட்டுப் பார்க்கவும். இளகியிருந்தால் சிறிது மெழுகும், இறுகியிருந்தால் சிறிது எண்ணெயும் சேர்க்கவும். பின்னர் உலர்ந்த புட்டியில் ஊற்றி, நன்றாக ஆறிய பிறகே மூடவும். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து உள்ளே சொட்டும். ஈரக்கையால் எடுத்தலும் கூடாது. சிக்கு வாடை வீசினால் எறிந்துவிட வேண்டும்.

பயன்படுத்தும் வகை

இரவில் கால்களை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்து, ஒற்றித் துடைத்து, இலேசான ஈரம் இருக்கும்போதே பூசுக. அந்த ஈரத்தைத் தோலிலிருந்து வெளியேறாமல் காப்பதே களிம்பின் வேலை. காலையில் தறியில் அமருமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் அவசியம். எண்ணெயும் மெழுகும் பட்ட நூலில் சாயம் சீராக ஏறாது.

எச்சரிக்கை

முதலில் முன்கையில் சிறிது பூசி ஒரு நாள் பார்க்கவும். அரிப்பு கண்டால் விட்டுவிடவும். விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு இது ஆகாது. அவ்விடம் உலர்ந்திருத்தல் வேண்டும். இரத்தமோ சீழோ வரும் வெடிப்புக்கும், நீரிழிவு உள்ளவரின் காற்புண்ணுக்கும் மருத்துவரையே நாட வேண்டும். காஸ்டிக் சோடாவைக் கையாளுவோருக்குக் கையுறையே காப்பு. களிம்பு அதற்கு ஈடாகாது.

விற்பனைக்காகச் செய்வதாயின், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்படியும், 2020-ஆம் ஆண்டின் விதிகளின்படியும் உரிமம் பெறுதல் வேண்டும். சொந்த உபயோகத்திற்குச் சிறிது சிறிதாகச் செய்துகொள்வதே இப்போதைக்குச் சிக்கனம்.

சங்கக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நாற்பது புட்டிகளும் கெட்டதற்குக் காரணம் யாது?
2. சூட்டோடு மூடலாகாது என்பது ஏன்?
3. எந்தப் புண்ணுக்கு மருத்துவரை நாட வேண்டும்?