ஒரு மிதவை தண்ணீரில், ஒரு மிதவை காற்றில்



கடலில் ஒரு சிறிய பாய்மரப் படகு ஓடுகிறது. அதற்கு அருகருகே இரண்டு மெல்லிய மிதவைகள். ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. மற்றொன்றோ தண்ணீரை விட்டு ஒரு சாண் மேலே எழும்பி, ஈரம் சொட்டச் சொட்ட அந்தரத்தில் நிற்கிறது. எழும்பிய மிதவையின் விளிம்பில் கால்களை ஊன்றி, இடுப்பில் மாட்டிய கம்பியின் துணையில் இரண்டு பேர் கடலுக்கு மேலே மல்லாந்து கிடக்கிறார்கள்! இப்படி ஒரு படத்தை நீங்கள் பார்த்தால், "ஐயோ, கவிழப் போகிறது!" என்றுதான் சொல்வீர்கள். ஆனால் அந்தப் படகு தன் முழு வலிமையையும் காட்டுவது அந்தக் கணத்தில்தான். கவிழ்வதற்கு மிக அருகில் இருப்பதும் அதே கணத்தில்தான். இவை இரண்டும் எப்படி ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வகைப் படகை உலகம் முழுவதும் 'கேட்டமரான்' என்று அழைக்கிறார்கள். ஆம், நம் 'கட்டுமரம்'தான்! ஆங்கிலேய மாலுமியான வில்லியம் டாம்பியர், 1697இல் வெளிவந்த தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரங்களை இப்பெயரால் குறிப்பிட்டார். ஆனால் பெயர் போன வழி வேறு, பொருள் போன வழி வேறு. நம் கட்டுமரம் நெருக்கமாகச் சேர்த்துக் கட்டிய மரங்களால் ஆனது. இடைவெளி விட்டு இரண்டு தோணிகளைக் குறுக்குச் சட்டங்களால் பிணைக்கும் முறையோ பசிபிக் தீவுகளில் வாழும் பாலினீசிய மக்களுடையது. அவர்களுடைய படகுக்கு நம்முடைய பெயர் ஒட்டிக்கொண்டது.

1876ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் நடந்த ஒரு பந்தயத்தில், நதானியல் ஹெரெஷாஃப் என்ற இளம் பொறியாளர் 'அமரில்லிஸ்' என்னும் இரட்டை மிதவைப் படகைக் கொண்டுவந்து, சாதாரணப் படகுகளை எல்லாம் தோற்கடித்தார். பலன்? மற்றவர்கள் ஆட்சேபம் கிளப்ப, அதற்குப் பரிசு மறுக்கப்பட்டது. இத்தகைய படகுகள் பந்தயங்களிலிருந்து விலக்கவும் பட்டன. விரைவாக ஓடியதற்கு இப்படியும் ஒரு தண்டனை! ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் 'டொர்னேடோ' என்ற இரட்டை மிதவைப் படகு ஒலிம்பிக்கில் இடம் பெற்றது.

இன்று அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் ஒவ்வொரு படகு வகைக்கும் தனித்தனியே தேசியப் போட்டிகள் நடைபெறுகின்றன. நாம் 'ஹோபி 16' என்ற வகையை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்துவந்த ஹோபி ஆல்ட்டர் என்பவர், கடற்கரை மணலிலிருந்தே தள்ளிவிட்டு அலைகளைத் தாண்டிச் செல்லக்கூடியதாக இதை உருவாக்கினார். நீளம் 5 மீட்டருக்குச் சற்று அதிகம். அகலம் 2.4 மீட்டர். எடை 145 கிலோகிராம்தான். ஓட்டுபவர்கள் இருவர். மிதவைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய துணிதான் தளம்.

இத்தகைய போட்டியில் எல்லாப் படகுகளும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருக்க வேண்டும். பாயின் பரப்பை ஒரு சாண் கூட்டக்கூட அனுமதியில்லை. ஆய்வுக்கூடத்தில் மற்றவற்றை எல்லாம் மாறாமல் வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போமே, அதே முறைதான்! இங்கே மாறுவது மனிதர்கள் மட்டுமே. சில நாட்களில் பல ஓட்டங்கள் நடக்கும். முதலில் வருபவருக்கு 1 புள்ளி, இரண்டாவதாக வருபவருக்கு 2 என்று கணக்கு. மொத்தத்தில் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றி பெறுவார். நடுவில் ஒருமுறை கவிழ்ந்து கடைசியாக வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். படகுக்குப் பக்கவாட்டிலிருந்து காற்று வீசுகிறது. பாயில் அது தரும் விசையின் ஒரு கூறு படகை முன்னே செலுத்துகிறது. மற்றொரு கூறு படகைச் சாய்க்கப் பார்க்கிறது. பாய் உயரத்தில் இருப்பதால் சாய்க்கும் திருப்புத்திறன் பெரிது. இதை எதிர்த்து நிற்கும் அளவுக்குத்தான் படகு காற்றை ஏற்றுக்கொள்ள முடியும். ஆகவே, நிமிர்த்தும் திருப்புத்திறன் எவ்வளவோ அவ்வளவே படகின் வலிமை. பந்தயப் படகு வேகத்தைக் கடன் வாங்குவது பாயிடம். அதற்கு ஈடு வைப்பதோ தன் எடையையும் அகலத்தையும்.

காற்று வலுக்க வலுக்க, படகின் எடை காற்று போகும் பக்கத்து மிதவையின் மேல் மேலும் மேலும் இறங்குகிறது. காற்று வரும் பக்கத்து மிதவை இலேசாகிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அந்தக் கணத்தில் முழு எடையையும் ஒரே மிதவை தாங்குகிறது. அதுவே சுழல்மையம்.

மிதவைகளின் இடைவெளியை 2 மீட்டர் என்று கொள்வோம். படகின் ஈர்ப்பு மையம் நடுவில், அதாவது 1 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. திருப்புத்திறன் 145 × 1 = 145 கிலோகிராம்-மீட்டர். இருவரின் மொத்த எடை 130 கிலோகிராம் எனலாம். அவர்கள் விளிம்பில் வெறுமனே உட்கார்ந்தால் 130 × 2 = 260. மொத்தம் 405. கம்பியில் தொங்கி உடலை வெளியே நீட்டினால், அவர்களுடைய ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 3 மீட்டர் தூரத்துக்குப் போய்விடுகிறது. 130 × 3 = 390. மொத்தம் 535! படகில் ஒரு கிராம்கூடக் கூட்டாமல் வலிமை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிட்டது. சர்க்கஸ் ஊஞ்சலின் பெயரையே வைத்து இந்தக் கம்பியை 'ட்ரப்பீஸ்' என்கிறார்கள். பாயின் விசை 4 மீட்டர் உயரத்தில் செயல்படுவதாகக் கொண்டால், 535 ÷ 4, அதாவது சுமார் 134 கிலோகிராம் எடை அளவுக்குப் பக்கவாட்டு விசையை இந்தச் சிறு படகு தாங்கும்.

இனி வருவதுதான் முக்கியம். காற்று இன்னும் கொஞ்சம் வலுத்தால் என்ன ஆகும்? முழு எடையும் ஏற்கெனவே ஒரு மிதவைக்கு வந்துவிட்டது. இனி மாற்றுவதற்கு எடையில்லை. மிதவை மேலே எழ எழ, ஈர்ப்பு மையங்கள் சுழல்மையத்துக்கு மேலாக நகர்ந்து வருவதால் தூரம் குறைகிறது. படகின் ஈர்ப்பு மையமும் ஆட்களின் ஈர்ப்பு மையமும் நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டேன். ஒரு சாண் எழும்பும்போது 535 என்பது ஏறத்தாழ 500 ஆகிறது. இது பெரிய நஷ்டம் அன்று. 30 பாகை சாயும்போது 326. 45 பாகையில் வெறும் 184. அதிலும் படகின் சொந்தப் பங்கு பூஜ்யம்! சாயும்போது பாயின் மேல் விசையும் குறைகிறதே என்று கேட்பீர்கள். குறைகிறதுதான். ஆனால் அதுவரை படுத்திருந்த துணித்தளம் இப்போது நிமிர்ந்து இரண்டாவது பாயாகி, அடியிலிருந்து காற்றை வாங்கிக்கொள்கிறது.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். சாய்க்கச் சாய்க்க அது எதிர்த்து நிமிர்கிறது. அடியில் கனமான உலோகத்தைக் கட்டிய பெரிய பாய்மரக் கப்பல்களும் அப்படித்தான். தொடக்கத்தில் எளிதில் சாயும், பிறகு எதிர்ப்பு வளரும். நம் இரட்டை மிதவைப் படகு இதற்கு நேர் எதிர். முதல் சில பாகைகளுக்குள்ளேயே தன் எதிர்ப்பை எல்லாம் கொட்டிவிடுகிறது. பிறகு இறங்குமுகம். அதனால்தான் அந்த 'ஒரு சாண்' அவ்வளவு முக்கியம். அதற்குக் கீழே இருந்தால் கிடைக்கும் வலிமையைப் பயன்படுத்தவில்லை என்று பொருள். மேலே போனால் மலையுச்சியைத் தாண்டி மறுபுறச் சரிவில் கால் வைத்தாகிவிட்டது. சுக்கான் பிடிப்பவர் ஒரு கையில் பாயின் கயிற்றை வைத்துக்கொண்டு, மிதவை எழும்போதெல்லாம் இரண்டு அங்குலம் விடுவதும் இழுப்பதுமாகவே பந்தயம் முழுவதும் இருக்கிறார்.

சரி, மிதவையைத் தூக்குவதால் வேறு இலாபம் உண்டா? உண்டு. தண்ணீரில் நனையும் பரப்புக் குறைவதால் உராய்வு குறைகிறது. ஹோபி 16இல் இன்னொரு நயமும் இருக்கிறது. அதன் மிதவைகள் சமச்சீரானவை அல்ல. வெளிப்பக்கம் தட்டை, உட்பக்கம் வளைவு. விமானத்தின் இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தித் தண்ணீரில் விட்டதுபோல! காற்று போகும் பக்கத்து மிதவை, படகு பக்கவாட்டில் நழுவாமல் காற்று வரும் திசைக்கே அதை இழுத்துப் பிடிக்கிறது. எதிர் மிதவை தண்ணீரில் இருந்தால் அதற்கு மாறாக இழுக்கும். அதைத் தூக்கிவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

மெலிந்த மிதவை இருப்பதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓடும் படகு ஓர் அலையை உண்டாக்குகிறது. அதே வேகத்தில் ஓடும் அந்த அலையின் நீளம், வேகம் கூடினால் கூடும். 5 மீட்டர் நீள அலையின் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். ஆகவே 5 மீட்டர் நீளமுள்ள பருத்த படகு அதற்குமேல் போக முயன்றால், தான் எழுப்பிய அலையின் மேட்டில் தானே ஏற வேண்டியிருக்கும். கத்தி போன்ற மிதவை எழுப்பும் அலை சிறிது. அதனால் அது இந்தத் தடையை எளிதில் தாண்டி, நல்ல காற்றில் மணிக்கு 30 கிலோமீட்டரையும் எட்டிவிடுகிறது.

பந்தயத்தில் காற்றின் திசையிலேயே திரும்பிவர வேண்டிய பகுதி ஒன்று உண்டு. நேராக வருவதுதானே குறுக்குவழி? இல்லை! காற்றோடு சேர்ந்து ஓடினால், படகுக்குத் தெரியும் காற்று குறைந்துகொண்டே போகும். ஓடும் பேருந்துக்குப் பின்னாலிருந்து காற்று வீசினால் ஜன்னலில் காற்றே வராததுபோல. வினாடிக்கு 6 மீட்டர் காற்றில் நேராக வரும் படகு 3 மீட்டர் வேகம் பெறுவதாகவும், 45 பாகை விலகி வளைந்து வளைந்து வரும் படகு 6 மீட்டர் வேகம் பெறுவதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டாவது படகு இலக்கை நோக்கி நெருங்கும் வேகம் 6 × 0.707, அதாவது 4.2 மீட்டர். பாதை 1.4 மடங்கு நீண்டாலும் முதலில் வருவது அதுதான்.

காற்றை எதிர்த்துப் போகும் பகுதியிலும் வளைந்து வளைந்தே போக வேண்டும். அங்கேதான் இந்தப் படகின் பலவீனம் வெளிப்படும். ஒவ்வொரு திருப்பத்திலும் படகின் முகம் காற்றுக்கு நேரே வந்து கடக்க வேண்டும். அந்தச் சில வினாடிகள் பாயில் விசை கிடையாது. உந்தத்தால் மட்டுமே ஓட வேண்டும். ஆட்களோடு சேர்த்து 275 கிலோகிராம்தானே! உந்தம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அகன்று நிற்கும் இரண்டு நீண்ட மிதவைகளைத் திருப்புவதும் சுலபமன்று. பழகாதவர் காற்றுக்கு நேரே மாட்டிக்கொண்டு பின்னோக்கி நகர்வார். பழகியவர் முன்பாயை ஓரிரு வினாடி மாற்றாமல் விட்டுவைத்து, காற்றே அதைத் தள்ளி முகத்தைத் திருப்பும்படி செய்துகொள்வார்.

கவிழ்ந்தே விட்டால்? பாய்மரம் தண்ணீரில் படுத்துக் கிடக்கும். முழுவதும் தலைகீழாகிவிட்டால் ஆபத்து அதிகம். தலைகீழ் நிலையிலும் இந்தப் படகு அகலத்தால் அதே உறுதியோடு நிற்கும்! ஆகவே உடனே முகப்பைக் காற்றை நோக்கித் திருப்பி, மேல் மிதவையில் கயிற்றைப் போட்டு, கீழ் மிதவையில் நின்று இருவரும் பின்னால் சாய்வார்கள். பாயின் அடியில் கொஞ்சம் காற்று புகுந்ததும், கவிழ்த்த அதே காற்று நிமிர்த்திவிடும். அதற்குள் பத்துப் படகுகள் தாண்டிப் போயிருக்கும்.

உங்களுக்கு ஒரு கணக்கு. இப்போட்டிகளில் இருவரின் எடையும் சேர்ந்து 129 கிலோகிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த அளவுக்கு எடைகளைப் படகில் கட்டிக்கொள்ள வேண்டும். 109 கிலோகிராம் எடையுள்ள இருவர், 20 கிலோகிராம் எடையைத் தளத்தின் நடுவில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். எதிரே 129 கிலோகிராம் எடையுள்ள வேறு இருவர். இரு படகுகளின் மொத்த எடையும் சமம். மேலே கொடுத்த தூரங்களை வைத்து, மிதவை எழும் கணத்தில் ஒவ்வொன்றின் நிமிர்த்தும் திருப்புத்திறனையும் கண்டுபிடியுங்கள். எந்தப் படகு வலிமை குறைந்தது? மிதவை எழவே எழாத மென்காற்று நாளில் அந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதா?