கேம் ஆட போன் போதுமா, தனிக் கருவி வேண்டுமா?

2008-ல் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்த நாள் முதல், கையடக்க கேம் கருவிகளின் கதை முடிந்தது என்ற பேச்சு ஓயவில்லை. அது பாதி பலித்தது. நின்டெண்டோ டிஎஸ் 15 கோடிக்கு மேல் விற்றது. அடுத்து வந்த 3டிஎஸ் அதில் ஏறக்குறைய பாதிதான். சோனியின் வீட்டா 2019-ல் நின்றேபோனது. ஆனால் 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், மறுபடி 15 கோடியைத் தாண்டிவிட்டது. பஸ்ஸில் பத்து நிமிடம் ஆடும் ஆட்டத்தை போன் பிடித்துக்கொண்டது. மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடுவது இன்னும் அதன் கைக்குள் வரவில்லை. எனவே எந்த கேம் ஆடப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், கருவி பிறகு.

போன்

பிஜிஎம்ஐ, லூடோ, செஸ், கேண்டி கிரஷ் என்றால் போனே போதும். நண்பர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். பிஜிஎம்ஐ ஸ்விட்சில் கிடைக்கவும் கிடைக்காது.

குறை, விரலில் இருக்கிறது. கண்ணாடியில் கட்டைவிரல் தடவிப் பார்த்து இடம் அறிய விளிம்பு கிடையாது. போதாததற்கு விரலே திரையை மறைக்கும். 2016-ல் மரியோவை போனுக்குக் கொண்டுவந்த நின்டெண்டோவே ஆட்டத்தை மாற்றியது: ‘சூப்பர் மரியோ ரன்’னில் மரியோ தானாக ஓடுவார், தொட்டால் குதிப்பார், அவ்வளவுதான். இன்னொன்று சூடு. பெரும்பாலான போன்களில் விசிறி இல்லை. கனமான கேமை அரை மணி நேரம் ஓட்டினால் சூடேறி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிள்ளைகள் கையில் கொடுத்தால், ஆப்புக்குள் பணம் கட்ட பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

டேப்லெட்

யோசித்து ஆடும் ஆட்டங்களுக்கு அருமை. ‘சிவிலைசேஷன் 6’ போன்றவற்றில் பெரிய திரை கைகொடுக்கும். ஓடி, குதித்து, சுடும் கேமுக்குச் சரிவராது: இரண்டு கையிலும் பிடித்தால் கட்டைவிரல் நடுத்திரைக்கு எட்டாது, சீக்கிரமே மணிக்கட்டு வலிக்கும்.

போனோடு கன்ட்ரோலர்

வீட்டில் பிளேஸ்டேஷன் அல்லது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இருந்தால் புளூடூத்தில் இணைத்துப் பாருங்கள். ‘ஸ்டார்ட்யூ வேலி’, ‘டெட் செல்ஸ்’ போன்றவை பட்டனில் நன்றாக ஓடும். போன் பதிப்பின் விலையும் கன்சோலைவிடக் குறைவு. எல்லா கேமும் கன்ட்ரோலரை ஏற்காது. வாங்கும் முன் ஆப் பக்கத்தில் பாருங்கள்.

நின்டெண்டோ ஸ்விட்ச்

மரியோ, செல்டா வரிசைகளின் பெரிய கேம்களுக்கு வேறு வழியில்லை. இரு பக்கமும் உள்ள ஜாய்-கான் கன்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கொன்றாக இருவர் ஆடலாம், டிவியிலும் இணைக்கலாம். விலை மலிவு என்று ஸ்விட்ச் லைட் வாங்கினால் இந்த இரண்டும் இல்லை. கேம்கள் விலை அதிகம், தள்ளுபடி அபூர்வம். ஆனால் கார்ட்ரிட்ஜை ஆடி முடித்து விற்றுவிடலாம். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-ல் பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை ஓடும். இந்தியாவில் நின்டெண்டோவின் நேரடி விற்பனை இல்லை. இறக்குமதி செய்து விற்கும் கடைக்காரரின் வாரன்டிதான் வாரன்டி. பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஸ்டீம் டெக், ராக் அலை

இவை கைக்குள் அடங்கிய கணினிகள். கணினி கேம்களின் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ஏற்கெனவே கேம் வாங்கிக் குவித்திருப்பவர்களுக்கு இதுவே லாபம்: ரூபாயில் விலை, அடிக்கடி தள்ளுபடி. அசூஸின் ராக் அலை இந்தியாவில் நேரடியாகவே விற்பனையாகிறது. எடை 600 கிராமுக்கு மேல். கனமான கேம் என்றால் இரண்டு மணி நேரத்தில் சார்ஜரைத் தேடவேண்டி வரும்.

யாருக்கு எது?

- இலவச ஆன்லைன் கேம், நண்பர் கூட்டம்: போன்.
- வியூக விளையாட்டு, படுத்தபடி ஆட்டம்: டேப்லெட்.
- வீட்டில் சிறு பிள்ளைகள், சேர்ந்து ஆடும் குடும்பம்: ஸ்விட்ச்.
- ஸ்டீம் கணக்கு வைத்திருப்பவர்: டெக் அல்லது அலை.

இன்னும் மனம் ஊசலாடினால், விரும்பிய கேமின் போன் பதிப்பை வாங்கி, கன்ட்ரோலரோடு ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். அதற்குள் சலித்துப்போனால் கன்சோல் காசு மிச்சம்.