பட்டமளிப்பு விழாவில் பசுமை

பட்டமளிப்பு விழா என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது கறுப்பு அங்கிதான். குளிர்மிகுந்த ஐரோப்பாவில் பிறந்த அந்த உடை, நம் நாட்டு வெயிலிலும் நம்மை விட்டபாடில்லை. 2010 ஏப்ரலில், போபாலிலுள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனத்தின் பட்டமளிப்பு விழாவில், அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், அது அந்நியர் ஆட்சியின் எச்சம் என்று கூறி மேடையிலேயே அங்கியைக் கழற்றினார். 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு, கைத்தறி அங்கிகளைப் பயன்படுத்துமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது.

அங்கியே வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மகளை அந்தக் கோலத்தில் காண, இரண்டு பஸ் மாறி வருகிறார்களே பெற்றோர், அவர்கள் மகிழ்ச்சியைக் குறைக்க யாருக்கு மனம் வரும்? விழா முடிந்தபின் அங்கி எங்கே போகிறது என்பதே நம் கேள்வி.

மலிவான அங்கிகள் பலவும் பாலியஸ்டரால் ஆனவை. பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் பாலியஸ்டரும் ஒருவகைப் பிளாஸ்டிக்கே. தண்ணீர் பாட்டிலாக வார்க்கப்படும் பொருள்தான் இங்கே இழையாக நூற்கப்படுகிறது. அது மண்ணில் எளிதில் மட்காது. துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் நீரில் கலக்கின்றன. கைத்தறிப் பருத்தி மட்கும். நெசவாளர் வீட்டில் அடுப்பும் எரியும். ஆயினும் பருத்தி விளைய ஏராளமான நீர் வேண்டுமன்றோ! ஒருமணி நேரம் உடுத்திவிட்டுப் பெட்டியில் பூட்டிவைத்தால் கைத்தறியும் வீண்தான். ஆகவே, கல்லூரியே அங்கிகளைத் தைத்து வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் மாணவியருக்கு இரவல் கொடுத்துத் திரும்பப் பெறுவதே சிறந்தது என்போம். தளர்வான உடையாதலால் மூன்று நான்கு அளவுகள் போதும். பெற்றோருக்கும் செலவு மிச்சம்.

வாயிலில் கட்டும் ஃபிளெக்ஸ் பேனர் பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனது, எரித்தால் நச்சுப்புகை. ஆண்டைக் குறிப்பிடாமல் துணியில் எழுதிய பதாகையை மறுமுறையும் கட்டலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களில் தண்ணீர் பாக்கெட்டும் ஒன்று. பாட்டிலோ அப்பட்டியலில் இல்லை. அதனால் விழாக்களில் பாக்கெட்டின் இடத்தைப் பாட்டில் எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. பானைத் தண்ணீரும் எவர்சில்வர் டம்ளரும், கழுவி வைக்க நான்கு தோழியரும் இருந்தால் அதற்கும் வேலையில்லை.

இன்னொன்று, விருந்தினரின் பயணம். அழைப்பிதழில் விழா நேரத்துடன், கல்லூரிக்கு வரும் பஸ்ஸின் எண்ணையும் இறங்கவேண்டிய நிறுத்தத்தையும் அச்சிடலாம். விழா முடியும் நேரத்தையும் கடைசி பஸ் புறப்படுமுன் வைத்துக்கொண்டால், வெளியூர்ப் பெற்றோர் வாடகைக் கார் தேடவேண்டியிராது.