கண்ணூசி மருந்தும் காலந்தவறாமையும்

முதுமையிற் பார்வை மங்குதல் இயல்பே எனக் கருதி வாளாவிருப்போர் பலர். ஆயினும், வாசிக்கும் சொல்லின் நடுப்பகுதி மறைதலும், கதவுநிலை போன்ற நேர்கோடுகள் வளைந்து தோன்றுதலும் முதுமையின் இயல்பல்ல, நோயின் குறிகளாம். அந்நோய்க்கு இன்று ஊசிமருந்து உண்டு. அதனால் விளையும் பயன் யாது, அப்பயன் நிலைத்தற்கு வேண்டுவது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

விழித்திரையின் நடுவே மஞ்சட்பொட்டு எனும் சிறு பகுதி உளது. நூல் வாசித்தற்கும் முகம் அறிதற்கும் வேண்டிய கூரிய பார்வை அதனாலேயே கிடைக்கின்றது. மூப்பினால் அப்பகுதி நலிவுறும் நோய் உலர்வகை, ஈரவகை என இருவகைப்படும். ஈரவகையில், விழித்திரையின் கீழே புதிய குருதிக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. அவற்றை வளரத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் மருந்தே ஊசிமூலம் கண்ணினுள் ஏற்றப்படுகின்றது. இம்மருந்து உலர்வகைக்கு உரியதன்று.

2006 ஆம் ஆண்டில் வெளியான 'மரீனா' ஆய்வில் 716 நோயாளர் பங்குபற்றினர். மாதந்தோறும் ரணிபிசுமாப் 0.5 மில்லிகிராம் பெற்றோர், ஈராண்டு முடிவிற் சராசரியாக ஏறக்குறைய 7 எழுத்துக்களைக் கூடுதலாக வாசித்தனர். அம்மருந்து பெறாதோர் ஏறக்குறைய 15 எழுத்துக்களை இழந்தனர். பார்வை அட்டையின் ஒரு வரியில் 5 எழுத்துக்களே உள. எனவே இருசாரார்க்கும் இடையே நான்கு வரிக்கு மேற்பட்ட வேறுபாடு காணப்பட்டது.

ஆய்வின் கட்டுப்பாட்டில் நிகழ்வது வேறு. அன்றாட வைத்தியத்தில் நிகழ்வது வேறு. ஐரோப்பிய நாடுகள் ஆறு, கனடா, வெனிசுவேலா ஆகிய எட்டு நாடுகளில் 2,227 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்த 'ஓரா' ஆய்வு 2015 இல் வெளிவந்தது. முதலாண்டில் அவர்கள் பெற்ற நன்மை சராசரி 2.4 எழுத்துக்கள், ஈராண்டு முடிவில் எஞ்சியதோ 0.6 மாத்திரமே. அவர்கள் பெற்ற ஊசிகள் முதலாண்டில் 5.0, இரண்டாமாண்டில் 2.2 ஆகும். ஈராண்டிற் சராசரி 9 ஊசிகள் பெற்ற பிரித்தானிய நோயாளரிடத்து 4.1 எழுத்துக்களின் நன்மை நிலைத்திருந்தது.

இதனாற் பெறப்படுவது யாது? மருந்து அதுவே, தவணை தவறியதே பயன் குன்றியமைக்குப் பெருங்காரணமாம். மருந்தின் வலிமை சில வாரங்களுக்கே நிற்கும். நோயோ ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். பார்வை தெளிந்தது எனச் சிகிச்சையைக் கைவிடின் கசிவு மீளும். தழும்பு உண்டாயபின் இழந்த பார்வையை ஊசி மீட்டுத் தராது. தவணைகளின் இடைவெளியை நீட்டலாம். ஆனால் அதனை முடிவு செய்ய வேண்டியவர் கண்வைத்தியரேயன்றி நோயாளரல்லர்.

ஒழுங்காகச் சிகிச்சை பெற்றோர்க்கும் காலப்போக்கில் மஞ்சட்பொட்டு மெலிந்து பார்வை குறைதல் உண்டு. ஊசியின்பின் நோவும் செம்மையும் மிகுமாயின், கிருமித் தொற்றோ என ஐயுற்று உடனே வைத்தியரை நாடுக.

முதியோர் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடி, கட்டமிட்ட தாளொன்றை நோக்குதல் நன்று. ஒரு கண்ணின் குறையை மறுகண் மறைத்துவிடும். இம்மலரை வாசிக்கும் மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. பாட்டனாரின் அடுத்த தவணைநாளைக் குறித்து வைத்து, அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுதல் அவர்தம் பார்வையைக் காக்கும் பணியாம்.