மாநகராட்சி முறைகேடும் புகார் மனுவும்: தமிழ்நாட்டு நகரவாசிக்கு ஒரு வழிகாட்டி

கட்டட அனுமதிக்கும், சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கும், குடிநீர் இணைப்புக்கும் அரசு விதித்த கட்டணத்துக்கு மேல் பணம் கேட்கப்படுவதை நகரவாசிகள் பலர் அறிந்திருந்தும், அதை எந்த அமைப்பிடம், எந்த வடிவில், எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் குறைவாகவே இருப்பதால், நியாயமான புகார்கள் பல மொட்டைக் கடிதங்களாக எழுதப்பட்டுக் கோப்பில் உறங்கிவிடுகின்றன. இது வருந்தத்தக்க நிலை; ஏனெனில் பணம் கேட்கப்பட்டவருக்குச் சட்டம் தெளிவான பாதுகாப்பு ஒன்றைத் தருகிறது, ஆனால் அது சில நாள்களுக்குள் பயன்படுத்தப்பட வேண்டிய பாதுகாப்பாக அமைந்துள்ளது.

எனவே புகார்தாரர் முதலில் செய்ய வேண்டியது, நடந்த தவறு எவ்வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதாகும். ஒரு பில் கலெக்டரோ உதவிப் பொறியாளரோ தம் கடமையைச் செய்வதற்குப் பணம் கேட்பது 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 7ஆம் பிரிவின்கீழ் 3 முதல் 7 ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இப்பிரிவு, சட்டப்படியான ஊதியம் தவிர்த்த எந்தப் பலனையும், அது பணமாக இல்லாவிட்டாலும், 'முறையற்ற ஆதாயம்' என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் அரசு ஊழியர் அல்லர் என்பதால் இச்சட்டம் அவரைத் தொடாது என்று பரவலாக நம்பப்படுவது பிழை. நகராட்சி உறுப்பினரும் இச்சட்டத்தின் நோக்கில் பொது ஊழியரே என்று உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. போடாத சாலைக்குப் பட்டியல் தொகை வழங்குவது, ஒப்பந்தப் புள்ளியைக் குறிப்பிட்ட ஒருவருக்கே வாய்க்குமாறு அமைப்பது, தம் உறவினரின் நிறுவனத்துக்குப் பணி கிடைக்கச் செய்வது, அதாவது பொறுப்பும் சொந்த நலனும் மோதிக்கொள்ளும் 'நல முரண்', ஆகியவை வேறு வகையின. இவற்றுக்குச் சாட்சியைவிட ஆவணமே முதன்மையானது. வெறும் தாமதமும் அலட்சியமும் சேவைக் குறைபாடுகளாதலால், அவற்றை 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலோ ஆணையரிடமோ தெரிவிப்பதே போதுமானது.

வகை தெளிந்தபின், நிகழ்ந்ததை அன்றைய நாளே எழுதிவைக்க வேண்டும். நாள், நேரம், அறை, உடனிருந்தவர்கள், கேட்கப்பட்ட தொகை, பேசப்பட்ட சொற்கள் ஆகியவற்றைப் பேசியவர் சொன்னபடியே குறித்து, தாம் நேரில் கண்டதையும், பிறர் சொல்லக் கேட்டதையும், தாமாக ஊகித்ததையும் மூன்றாகப் பிரித்து எழுதுவது இன்றியமையாதது. விசாரணை அலுவலர் முதலில் தேடுவது இந்தப் பிரிவினையைத்தான். ஊகம் உண்மையோடு கலந்துவிட்ட மனுவில் உண்மையும் ஊகமாகவே படிக்கப்படும். கைப்பேசியில் உரையாடல் பதிவாகியிருந்தால், பிறருக்கு அனுப்பிய நகலை மட்டும் நம்பாமல் மூலப் பதிவு உள்ள கைப்பேசியையே அழிக்காமல் பாதுகாக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் அளிக்கும்போது அதன் மூலத்தைச் சான்றளிக்கும் சான்றிதழ் ஒன்றையும் கோருகிறது.

லஞ்சம் கேட்கப்பட்டிருந்தால் அடுத்த படி காலத்தோடு பிணைந்தது. 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பவரும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் குற்றவாளியாவார்; ஆனால் கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் 7 நாள்களுக்குள் காவல் துறைக்கோ புலனாய்வு அமைப்புக்கோ தெரிவித்தால் அப்பிரிவு அவருக்குப் பொருந்தாது. பணம் கொடுக்குமுன்பே அந்த அமைப்புக்குத் தெரிவித்து, அதற்கு உதவும் பொருட்டுக் கொடுப்பவருக்கும் இவ்விலக்கு உண்டு. ஆகவே பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் யோசிப்பதைவிட, அலுவலரிடம் அவகாசம் கேட்டுக்கொண்டு, மக்கள் வழக்கில் லஞ்ச ஒழிப்புத் துறை எனப்படும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தின் மாவட்டப் பிரிவுக்கு நேரில் செல்வதே அறிவுடைமை. ஊழல் தடுப்பு பற்றி ஆராய்ந்த சந்தானம் குழுவின் பரிந்துரைகளையொட்டி 1964ஆம் ஆண்டில் உருவான இந்த அமைப்பு, எழுத்துப்பூர்வமான புகாரைச் சரிபார்த்து முதல் தகவல் அறிக்கை பதிந்தபின், பொறிவைத்துப் பிடிக்கும் நடவடிக்கையை மேற்கொள்கிறது. புகார்தாரரின் பணத்தாள்களின் எண்கள் குறிக்கப்பட்டு, அவற்றின்மீது பினாப்தலின் பொடி தடவப்படும்; வேறு துறைகளைச் சேர்ந்த சுயேச்சையான சாட்சிகள் உடனிருப்பர். பணத்தைத் தொட்ட கை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கப்படும்போது கரைசல் இளஞ்சிவப்பாக மாறுவது தொட்டதற்கான சான்றாகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைப் புகார்தாரர் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். நிறம் மாறியது மட்டும் குற்றத்தை நிறுவாது. பணம் கேட்கப்பட்டதும், அது விரும்பி ஏற்கப்பட்டதும் நிரூபிக்கப்பட வேண்டும். எனவே பணத்தைத் தாமாக நீட்டாமல், அலுவலர் மீண்டும் கேட்கும்வரை காத்திருந்து, கேட்ட பின்பே கொடுக்க வேண்டும். அதற்குமுன் அவரோடு கைகுலுக்குவதும் கூடாது, பணத்தை அவரது மேசை இழுப்பறையில் தாமே வைப்பதும் கூடாது. பொறிநடவடிக்கையில் பயிற்சி இல்லாத ஒரு சாமானியர் பதற்றத்தில் செய்யும் இத்தகைய சிறு பிழைகள் நல்ல வழக்கையும் தளரச் செய்யக்கூடும்.

சாலை, வடிகால், தெருவிளக்கு போன்ற பணிகளில் ஐயம் எழும்போது வழி வேறு. அங்கே முதல் கருவி 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம்; 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். 'சாலை ஏன் மோசமாக உள்ளது' என்று கேட்பது பயன்தராது. மதிப்பீடு, ஒப்பந்தப் புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, முடிக்கப்பட்ட வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதிவுசெய்யும் அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை வார்டும் பணியின் பெயரும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். பலரும் பயன்படுத்தாத உரிமையொன்று இச்சட்டத்தின் 2(j) பிரிவில் உள்ளது: பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தப்பட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமகன் கோரலாம். அளவுப் புத்தகத்தில் எழுதப்பட்ட நீள அகலத்தையும் தெருவில் உண்மையில் உள்ள நீள அகலத்தையும் அருகருகே வைக்கும் மனுவை மறுப்பது எந்த அலுவலருக்கும் கடினம். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பிய ஆட்சேபங்களான தணிக்கைத் தடைகளையும் இவ்வாறே கேட்டுப் பெறலாம். பதில் வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

ஆவணங்கள் கைக்கு வந்தபின் அவற்றை லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ, உள்ளாட்சி அமைப்புகளின் மீதான புகார்களுக்கென 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட முறைமன்ற நடுவருக்கோ அனுப்பலாம். 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த லோக் ஆயுக்தாவும் உண்டு. ஒரே மனுவைப் பத்து முகவரிகளுக்கு அனுப்புவதை விட, உரிய அதிகாரம் உடைய ஓர் அமைப்புக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பாதுகாப்பது மேல். அலுவலக முடிவுகள் தொடர்பான குற்றச்சாட்டை விசாரிக்க ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17அ பிரிவு முன் அனுமதியைக் கோருவதால் இவ்வகைப் புகார்கள் மெதுவாகவே நகரும் என்பதையும், பொறிவைத்துக் கைது செய்வதற்கு அந்த அனுமதி தேவையில்லை என்பதையும் அறிந்திருந்தால் வீண் சோர்வு குறையும்.

மனுவில் பெயரும் கையொப்பமும் இருக்க வேண்டுமா என்ற அச்சம் இயல்பானது. பெயரற்ற மனுவை மேலும் விசாரிக்க யாரையும் அணுக முடியாது என்பதால் அது பெரும்பாலும் வலுவிழக்கிறது. மறுபுறம், முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க நாடாளுமன்றம் 2014ஆம் ஆண்டில் நிறைவேற்றிய சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலே கிடப்பது புகார்தாரருக்கு இழைக்கப்படும் பெரும் அநீதி. இந்நிலையில் பெயரை மனுவில் எழுதி, அதை வெளியிடாமல் காக்குமாறு அம்மனுவிலேயே வேண்டுவதும், அச்சுறுத்தல் எழுந்தால் 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பதும் உகந்த வழிகள். தெரிந்தே பொய்ப்புகார் அளிப்பது குற்றம் என்பதால், நிரூபிக்க இயலாத அடைமொழிகளை மனுவிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

புகார் கொடுத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. விசாரணை நீதிமன்றத்தில் புகார்தாரர் கூண்டேறும் நாள் பல ஆண்டுகள் தள்ளி வரலாம்; அதற்குள் சமரசத் தூதுகள் வரும், சாட்சிகள் பிறழ்வர். புகார்தாரர் இறந்துவிட்டாலும் பிறழ்ந்துவிட்டாலும் சூழ்நிலைச் சான்றுகளால் குற்றத்தை நிறுவலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் கூறியுள்ளபோதிலும், முதல் நாளே எழுதிய குறிப்பு, மனுவின் நகல், ஒப்புகைச் சீட்டு, தகவல் உரிமைப் பதில்கள் ஆகியவற்றை நாள்வரிசையில் ஒரே கோப்பில் கட்டி வீட்டில் வைத்திருக்க வேண்டும்; குறுக்கு விசாரணையில் தொகையும் தேதியும் கேட்கப்படும் என்பதால், சாட்சியம் சொல்லுமுன் நினைவைப் புதுப்பித்துக்கொள்ள அக்கோப்பே கைகொடுக்கும்.