ரெண்டு பேருக்கும் ஒரே போர்டுதானே?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வேப்பந்தட்டைக்குப் பக்கத்து ஊரில் பொங்கலுக்கு நடந்த கேரம் போட்டியில் கால் இறுதியில் தோற்றதைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மெதுவாக வைத்த காயெல்லாம் இடது மூலைக்கு இழுத்துக்கொண்டு போனது, ரெட் காய் பாக்கெட்டின் வாய் வரை போய்த் திரும்பி வந்தது, ஒரு பக்கச் சட்டத்தில் பட்ட ஸ்ட்ரைக்கர் அங்கேயே செத்து விழுந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறீர்கள். அமைப்பாளர்களிடம் முறையிட்டதற்கு, “ரெண்டு பேருக்கும் ஒரே போர்டுதானே, உனக்கு மட்டும் என்ன?” என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்களாம். கடைசியில் என்னிடம் கேட்கிறீர்கள்: “நான் சாக்குச் சொல்கிறேனா?”

இல்லை தம்பி. உங்களுக்கு மட்டும் பதில் போட்டிருக்கலாம். ஆனால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் மன்றங்களிலும் டீக்கடைத் திண்ணைகளிலும் போட்டி நடத்துகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

“ரெண்டு பேருக்கும் ஒரே போர்டு” என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆடிப் பார்த்தவனுக்குத்தான் அதில் உள்ள ஓட்டை தெரியும். சரிந்த போர்டு எல்லா அடியையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. ஓங்கி அடித்த காய், சரிவு அதைத் தொடுவதற்குள் பாக்கெட்டுக்குள் போய்விடும். மெல்லத் தட்டி நகர்த்துகிற காய்தான் வழி மாறும். மெல்லிசாகக் கட் பண்ணுவது, சட்டத்தில் பட வைத்துத் திரும்ப எடுப்பது, எதிராளியின் காயை மறித்து நம் காயை வைப்பது, ரெட்டைப் போட்டுவிட்டு, அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காய் கைக்கு எட்டும்படி ஸ்ட்ரைக்கரை நிறுத்துவது எல்லாம் மெதுவான அடிகள். வருஷக் கணக்கில் பழகினால்தான் கை வரும். கோணல் போர்டில் முதலில் பலியாவது இந்த ஆட்டம்தான். பழகாதவனின் கண்மூடி அடிக்கு அது இடைஞ்சலே இல்லை. போர்டு ஒன்றுதான், ஆனால் நஷ்டம் ரெண்டு பேருக்கும் ஒன்றில்லை. நன்றாக ஆடுகிறவனுக்கே நஷ்டம் அதிகம்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் போர்டிலேயே தினமும் சாயங்காலம் உட்காருகிற உள்ளூர்ப் பையன்களுக்கு அதன் கோணல் மனப்பாடம். இந்த மூலைக்குக் கொஞ்சம் வலது பிடிக்க வேண்டும், அந்தச் சட்டத்தில் ரீபவுண்டு போடவே கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவனுக்கு அது தெரிவதற்குள் மூன்று போர்டு, அதாவது மூன்று சுற்று, போய்விடும். சர்வதேச விதிப்படி ஓர் ஆட்டம் 25 புள்ளி அல்லது 8 போர்டு. உள்ளூர்ப் போட்டிகளில் நேரம் பற்றாமல் அதையும் சுருக்கிவிடுகிறார்கள். அப்புறம் எங்கே சமாளிப்பது?

இந்தக் கோணல் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. இங்கிலாந்தின் தென்பகுதியில் பார் பில்லியர்ட்ஸ் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. கென்ட், சஸ்ஸெக்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஊர் மதுக்கடைகளே அணி கட்டி லீக் நடத்துகின்றன. மேசையின் ஒரு பக்கத்தில் மட்டும் நின்று ஆட வேண்டும். பந்தை மேசையில் உள்ள துளைகளில் போட வேண்டும். நடுவில் நிற்கிற கறுப்பு முளையைத் தட்டிவிட்டால் சேர்த்து வைத்த புள்ளி முழுவதும் போய்விடும். மதுக்கடை மேசைதானே, ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒன்றில் துணி தேய்ந்திருக்கும், ஒன்று ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அங்கேயும் உங்களைப் போலவே மனம் நொந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் லீக் என்பதால் இன்று உன் கடையில் ஆடினால் இன்னொரு நாள் என் கடையில் ஆட்டம். என் மேசையின் கோணல் அன்றைக்கு எனக்குத் துணை. ஓரளவு சரிக்குச் சரியாகிவிடும். நம் ஊர்ப் போட்டிக்கு அந்த வழியும் கிடையாது. ஒரே நாள் நாக் அவுட். தோற்றவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் போர்டைச் சரியாக வைக்க வேண்டிய கடமை நம் அமைப்பாளர்களுக்கு அங்கே லீக் நடத்துகிறவர்களைவிட அதிகம் என்பேன்.

போர்டு ஏன் கெடுகிறது என்று பார்ப்போம். நல்ல பில்லியர்ட்ஸ் மேசைக்குத் துணியின் அடியில் கற்பலகை போடுவார்கள், கல் வளையாது என்பதற்காக. கேரம் போர்டு பிளைவுட். ஈரத்துக்கு உப்பும், காய்ந்தால் இழுக்கும். சர்வதேச கேரம் சம்மேளனத்தின் விதிப்படி ஆடுபரப்பின் கனம் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கடையில் மலிவாகக் கிடைக்கிற போர்டு பலவும் அதில் பாதிகூட இராது. அடியில் குறுக்குச் சட்டமும் சரியாக இருக்காது. அதை வாங்கி வந்து ஐப்பசி, கார்த்திகை மழையில் மன்றத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். சாய்ந்தே நின்ற பலகை, சாய்ந்த பக்கமாகவே வளையும். தையில் எடுத்துப் போட்டால் நடுவில் தொப்பை விழுந்திருக்கும்.

சட்டத்தின் கதை வேறு. ரோஸ்வுட் அல்லது நன்றாகப் பதப்பட்ட மரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. மூலையில் பசை விட்டு ஆணி தளர்ந்துபோனால், ஸ்ட்ரைக்கர் மோதும் வேகத்தைச் சட்டமே வாங்கிக்கொள்ளும். காதை வைத்துக் கேட்டாலே தெரியும். இறுகிய சட்டம் ‘டக்’கென்று சொல்லும், தளர்ந்தது ‘தொப்’பென்று சொல்லும். உங்கள் ஸ்ட்ரைக்கர் செத்து விழுந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

நான் பார்த்த ஒரு போர்டை மறக்க முடியாது. யாரோ ஒரு பிரமுகர் அன்பளிப்பாகக் கொடுத்தது. நடு வட்டத்தில் அவருடைய படத்தை ஸ்டிக்கராக ஒட்டி மேலே வார்னிஷ் அடித்திருந்தார்கள். நாள்பட நாள்பட ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பி நகம் போல நின்றது. பவுடர் அதன் அடியில் போய்க் கட்டிப்போனது. நடுவைத் தாண்டுகிற காய் ஒவ்வொன்றும் அந்த விளிம்பில் ஒரு துள்ளு துள்ளிவிட்டுத்தான் போகும். பிரேக் அடித்தால் காய் எந்தப் பக்கம் சிதறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை உரித்துத் தேய்த்துவிடலாம் என்று சொன்னேன். கொடுத்தவர் மனம் புண்படும் என்று பயந்தார்கள். ஆடுகிற முப்பது பையன்களின் மனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பவுடர் விஷயத்தில் எல்லாருமே தப்பு செய்கிறார்கள். வழுக்கவில்லை என்றால் மேலும் ஒரு பிடி தூவுவது வழக்கமாகிவிட்டது. அளவுக்கு மிஞ்சிய பவுடர் சட்டத்தின் அடியில் வரப்பு கட்டி நின்றுகொள்ளும். அதில் பட்ட காய் ரீபவுண்டு ஆகாது. போரிக் பவுடர் இல்லாத இடத்தில் முகத்துக்குப் பூசுகிற பவுடரைப் போடுகிறார்கள். வேர்த்த கை பட்டால் அது பிசுபிசுத்துப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். நம் பக்கம் பொங்கல் சமயத்தில் மக்காச்சோளம் களத்துக்கு வந்துவிடும். மிஷின் ஓடுகிற தூசி காற்றில் வந்து, வெட்டவெளியில் போட்ட போர்டில் இறங்கும். நல்ல போர்டானாலும் ஒரு மணி நேரத்தில் சொரசொரப்பாகிவிடும். காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் துடைத்து, விரல் நுனியளவு புதுப் பவுடர் போட்டால் போதும். இதற்குக் காசு வேண்டாம், ஆள் ஒருவர் வேண்டும்.

வழுவழுப்பைச் சோதிக்க விதியிலேயே வழி சொல்லியிருக்கிறார்கள். 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு பலத்தோடு எதிர்ச் சட்டத்தைப் பார்த்து அடித்தால், அது போயும் வந்துமாகக் குறைந்தது மூன்றரை தடவை ஓட வேண்டும். ஊரில் உள்ள பல போர்டுகளில் இரண்டு தடவைக்கே மூச்சு வாங்கிவிடும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மந்தமான போர்டில் வளர்ந்த பையன் ஓங்கி அடித்தே பழகுகிறான். அவனை மாவட்டப் போட்டிக்கோ மாநிலப் போட்டிக்கோ அனுப்பினால், அங்கே கண்ணாடி போன்ற போர்டில் அவன் அடித்த காய் மூன்று சட்டத்தில் மோதித் தன் பாக்கெட்டை விட்டு எங்கெங்கோ போகிறது. ஸ்ட்ரைக்கரும் கூடவே பாக்கெட்டில் விழுந்து ஃபைன் ஆகிறது. ‘கிராமத்துப் பையன், டென்ஷன் ஆயிட்டான்’ என்று சொல்லிவிடுகிறார்கள். டென்ஷன் இல்லை. அவன் கை வேறொரு போர்டுக்குப் பழகிய கை. ஊரில் கெட்ட போர்டை வைத்திருப்பதன் உண்மையான விலை இதுதான். உங்கள் கால் இறுதித் தோல்விகூட இதற்கு முன்னால் சின்னதுதான்.

இந்த ஆட்டத்தில் தமிழ்நாட்டுக்கு இருக்கிற பெயரை நினைத்துப் பாருங்கள். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். சென்னைக்காரர் மரிய இருதயம் 1991-இல் டெல்லியிலும் 1995-இல் கொழும்பிலும் உலகப் பட்டம் வென்றார். 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் பிரான்சில் பெண்கள் உலகப் பட்டத்தை வாங்கினார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா மூன்று தங்கம் கொண்டுவந்தார். எல்லாரும் சென்னை. அங்கே தெருவுக்குள்ளேயே கேரம் கிளப் இருக்கிறது, நல்ல போர்டில் தினமும் உட்கார இடம் இருக்கிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் விரல் இல்லாமலா போயிற்று? சமமான பலகை இல்லை, அவ்வளவுதான்.

பணமில்லை என்று சொல்வார்கள். பரிசுக் கோப்பைக்கு, பேனருக்கு, மைக் செட்டுக்குச் செலவு செய்கிறார்கள், தம்பி. அதில் ஒரு பங்கு போதும். தச்சரிடம் ரசமட்டம் இருக்கும். அதைப் போர்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதிரெதிர் மூலைக்கு ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் நடுவில் பள்ளமா மேடா என்று கண்ணுக்கே தெரியும். டிரம்மின் மேலோ ஆடுகிற ஸ்டூலின் மேலோ வைக்காமல், 63 முதல் 70 சென்டிமீட்டர் உயரத்தில் அசையாத ஸ்டாண்டு ஒன்று செய்துகொள்ளச் சொல்லுங்கள். காய் ஒவ்வொன்றும் 5 முதல் 5.5 கிராம் இருக்க வேண்டும், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. நான்கு செட்டிலிருந்து பொறுக்கிச் சேர்த்த பத்தொன்பது காயை வைத்து ஆடுவது ஆட்டமே இல்லை. எடை பார்க்க நகைக்கடைத் தராசு போதும், கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

மரத்துக்காக நாம் எங்கும் போக வேண்டாம். அரும்பாவூர் நம் வேப்பந்தட்டை வட்டத்திலேயே இருக்கிறது. அங்குள்ள மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் தேருக்கும் வாகனத்துக்கும் சிற்பம் செதுக்குகிற கைகள் அவை. எந்த மரம் எத்தனை நாள் காய வேண்டும், எந்தப் பலகை பின்னால் முறுக்கிக்கொள்ளும் என்று அந்த ஊரில் கேட்டால் சொல்வார்கள். ஒரு மன்றம் அரும்பாவூர்த் தச்சர் ஒருவரைக் கூப்பிட்டுத் தன் போர்டின் சட்டத்தைப் புதிதாகப் போட்டு, அடியில் குறுக்குச் சட்டம் அடித்துக்கொண்டால், அந்தப் போர்டு பல பொங்கலுக்கு நிற்கும். மழைக்காலத்தில் அதைச் சுவரில் சாய்க்காமல் படுக்க வைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடி வைக்க வேண்டும்.

அமைப்பாளர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சொந்தக் காசைப் போட்டு, ராத்திரி முழுக்கக் கண் விழித்து, நாலு பேரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு போட்டி நடத்துகிறவர்கள் அவர்கள். அவர்கள் இல்லையென்றால் அந்த ஊரில் போட்டியே இல்லை. ஆனால் நுழைவுக் கட்டணம் என்று ஒரு ரூபாய் வாங்கினாலும், சமமான பலகையைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்த மாதிரிதான். முறையிட வந்தவனை ‘தோத்தவன்’ என்று சொல்லி அனுப்புவது அந்த வாக்கை மீறுவது.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். தோற்ற பிறகு சொன்னால் சாக்கு என்பார்கள், ஜெயித்தவன் சொன்னால் பெருந்தன்மை என்பார்கள். இரண்டுக்கும் இடம் வைக்காமல், ஆட்டம் தொடங்கும் முன்பே கேளுங்கள். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகும்போது உங்கள் கல்லூரி நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போய், “அண்ணே, போர்டை ஒரு தடவை பார்த்துக்கலாமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். ஸ்ட்ரைக்கரை ஓட விட்டு எண்ணிப் பாருங்கள். குறை இருந்தால் எடுத்துச் சொல்லி, துடைக்கவும் ஸ்டாண்டைச் சமப்படுத்தவும் நீங்களே கை கொடுங்கள். மன்றத்தில் அதற்கும் மறுத்தால், பெயர் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். நாலு நல்ல ஆட்டக்காரர்கள் அப்படித் திரும்பினால் அடுத்த பொங்கலுக்கே போர்டு மாறிவிடும். அந்தப் போட்டி நடந்ததும் எனக்கு எழுதுங்கள், ஜெயித்தாலும் தோற்றாலும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்