ஈ.ஜி.ஆரை அடைத்தால் வண்டி மலை ஏறுமா?

சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறும் டீசல் ஜீப்புக்கும் வேனுக்கும் ஒரு வைத்தியம் வாய்மொழியாகவே பரவிவருகிறது: ஈ.ஜி.ஆர். வால்வுக்கு முன்னால் ஒரு தகட்டை வைத்து அடைத்துவிட வேண்டுமாம். சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வால்வு எதற்காக இருக்கிறது என்று நம்மில் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. வெளியேறும் கழிவு வாயுவில் ஒரு பகுதியை அது மீண்டும் என்ஜினுக்குள் திருப்பி விடுகிறது. அந்த வாயுவில் ஆக்சிஜன் குறைவு. ஆகவே எரிதலின் உச்ச வெப்பம் தணிகிறது. காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுவதும் அதனால் குறைகிறது.

அடைத்தால் இழுவை கூடும் என்பது முதல் நம்பிக்கை. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது பெரும்பாலான என்ஜின்களில் அந்த வால்வு தானாகவே ஏறத்தாழ மூடிக்கொள்கிறது. மூடியிருக்கும் கதவுக்குத் தகடு எதற்கு? ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சேலத்தைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டி அங்கே திணறுவதற்கு உயரமும் சரிவுமே காரணம். பிறகு ஏன் அடைத்தவருக்கு வித்தியாசம் தெரிகிறது? கரி படிந்து திறந்தபடியே சிக்கிக்கொண்ட வால்வை அடைத்தால் பிக்கப் திரும்பத்தான் செய்யும். கழற்றிச் சுத்தம் செய்திருந்தாலும் அதே பிக்கப் திரும்பியிருக்கும். பாராட்டு மட்டும் தகட்டுக்குப் போய்விடுகிறது. அடைத்தால் மைலேஜ் கூடும் என்ற கதையும் இப்படித்தான். பெட்ரோல் என்ஜினில் ஈ.ஜி.ஆர். எரிபொருளைச் சற்று மிச்சப்படுத்தவே செய்கிறது.

இவற்றைவிட ஆபத்தானது, "அடைத்தபின் புகையே இல்லை, சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே" என்ற வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இது அசைய மறுக்கிறது. அடைத்த டீசல் என்ஜினில் கரும்புகை குறையலாம். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடுகின்றன. டீசல் வண்டிக்கான புகைப் பரிசோதனையோ புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. எனவே தகடு வைத்த வண்டியும் சான்றிதழோடு வெளியே வருகிறது. அந்தச் சான்றிதழையே நாம் ஆதாரமாக நீட்டுகிறோம். டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளிவிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடின் வரம்பு பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4) விதியில் 0.25 கிராம், 2020 ஏப்ரலில் நாடெங்கும் வந்த பி.எஸ்.6-இல் 0.08 கிராம். அந்தக் குறைப்பை ஒரு தகடு வீணாக்கிவிடக்கூடும். நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஆஸ்துமா உள்ள குழந்தையை வாட்டும். வெயிலில் வேறு ஆவிகளோடு வினைபுரிந்து இதே வாயு தரைமட்ட ஓசோனுக்குக் காரணமாகிறது. ஓசோன் இலைகளையும் கெடுக்கும். ஏற்காட்டுக் கோடை விழாக் கூட்டத்தில் ஏரிச் சாலையில் வண்டிகள் ஊர்ந்து நிற்கும்போது இந்த வாயுவைச் சுவாசிப்பவர்கள் சோளம் விற்பவர்களும் மலைவாழ் மக்களும்தான். 2015-இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சோதனையில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை வைத்து மாட்டிக்கொண்டபோது உலகமே கண்டித்தது. சோதனைக்கு வெளியே அந்த வண்டிகள் கக்கியதும் இதே வாயுதான்.

வால்வை அடைப்பதைச் சட்டம் கண்டுகொள்ளாது என்பதும் தவறு. 2019 திருத்தத்துக்குப்பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கரி படிகிறது என்ற புகார் மட்டும் மெய்யானது. குறுகிய ஓட்டமும், உயர் கியரில் என்ஜினைத் திணறவிட்டு ஏறும் வழக்கமும் அதைப் பெருக்குகின்றன. கியரைக் குறைத்து ஏறுங்கள். சர்வீஸில் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கூலன்ட் காரணமில்லாமல் குறைந்தால் ஈ.ஜி.ஆர். கூலர் கசிகிறதா என்று பார்த்து மாற்றுங்கள். புதிய வண்டிகளில் அடைத்தால் செக் என்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நாளை உண்மையாகவே வேறொரு கோளாறு வரும்போது அந்த விளக்கு எதையும் புதிதாகச் சொல்லாது.